கோடை விடுமுறையும் அப்பாயியின் கடிதமும்

ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் மைசூரில் பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு விழுந்துவிடும். அப்புறம் மே மாதக் கடைசி வரையில் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" சிலர் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் நீச்சல், சதுரங்கம், கராத்தே என்று பணம் கட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். நானும் அந்த மூன்றையும் செய்து பார்த்தவன்தான். இங்கே எழுதப் போவது என் வீட்டுக் கதை. இதில் பாதி நான் செய்த தவறு; அதைப் படித்துச் சிரித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். காது மந்தம். கைபேசியில் கூப்பிட்டால் "யாரு? யாரு பேசுறது?" என்பதிலேயே ஐந்து நிமிடம் கரைந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கடிதப் போக்குவரத்து நின்றுபோகவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடும். புள்ளி வைப்பதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

என் மகன் நான்காம் வகுப்பு முடித்த விடுமுறையில் அவன் பெயருக்கே ஓர் உறை வந்தது. வாழ்க்கையில் அவனுக்கு வந்த முதல் தபால். உள்ளே கடிதமும் இரண்டு நூறு ரூபாய் நோட்டும். தெருவிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா, அப்பாயி எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க! படிச்சுச் சொல்லுங்க!"

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன். முதல் வரியே, "இந்தக் கடிதத்தை உன் அப்பனிடம் காட்டாதே" என்று இருந்தது. பணத்தை நான் உண்டியலில் போட்டுவிடுவேனாம். அவனாகவே கடைக்குப் போய் விருப்பப்பட்டதை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் மக்குப் பையன் இல்லை. தெருப் பிள்ளைகளோடு கன்னடத்தில் சண்டை போடுவான். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவான். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவான். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது, அவ்வளவுதான். நம்மில் எத்தனை வீடுகளில் இதுதான் நிலை என்று உங்களுக்கே தெரியும்.

இதில் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் கற்பிக்கப்பட வேண்டும். அது நியாயம்தான். சோறு போடும் மண்ணின் மொழி தெரியாமல் ஒரு பிள்ளை இங்கே வளரக்கூடாது. ஆனால் கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று மூன்றும் உட்கார்ந்துவிட்ட பிறகு, பெரும்பாலான பள்ளிகளின் கால அட்டவணையில் தமிழுக்கு நாற்காலி இல்லை. ஜூன் முதல் மார்ச் வரை வீட்டுப்பாடம், தேர்வு, டியூஷன். மிச்சம் இருப்பது இந்த ஏழு வாரம்தான்.

வெளிநாடுகளில் கோடை விடுமுறையைப் பற்றி நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆய்வுகளைத் திரட்டி 1996-இல் வெளியிட்ட கட்டுரை, நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை மறந்துவிடுகிறார்கள் என்றது. அதற்கும் முன்னால் 1978-இல் பார்பரா ஹெய்ன்ஸ் என்ற அம்மையார் அட்லாண்டா நகரப் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய நூலில், விடுமுறையில் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்பதும், வீட்டுக்குப் பக்கத்தில் நூலகம் இருந்ததா என்பதும் அவர்கள் முன்னேற்றத்தோடு சேர்ந்து நிற்பதாகச் சொன்னார். அங்கே கவலை, படித்தது மறந்து போகிறதே என்பது. நம் வீட்டுத் தமிழ் விஷயத்தில் மறப்பதற்கே ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குப் பள்ளி மூடும் காலம்தான் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி திறக்கும் காலம்.

இந்த ஞானோதயம் எனக்கு வந்ததும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாளே இரட்டைக் கோடு போட்ட நோட்டு அரை டஜன் வாங்கி வந்தேன். காலை ஆறு மணிக்கு எழுப்பி, அ முதல் ஔ வரை, பிறகு க முதல் ன வரை, எழுத்துக்கு ஒரு பக்கம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 பக்கம். விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு அலமாரியில் ஒட்டியும் வைத்தேன். வங்கிக்காரன் புத்தி.

முதல் வாரம் எழுதினான். இரண்டாம் வாரம் காலையில் வயிற்றுவலி வந்தது. மூன்றாம் வாரம் நோட்டையே காணோம். மே மாதக் கடைசியில் என் மனைவி அரிசி டின்னைக் கழுவப் போனபோது அடியில் அகப்பட்டது. 'ஙௌ' என்ற எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். "ஏங்க, இந்த எழுத்தை நீங்க என்னிக்காவது எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு அப்படியே போயிற்று. அடுத்த பொங்கல் விழாவில் நம் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மானசகங்கோத்திரி வளாகத்தில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1969-இல் தொடங்கியது. அதன் தென்மண்டல மொழி மையத்துக்குப் பிற மாநிலங்களிலிருந்து பள்ளி ஆசிரியர்கள் வந்து தங்கி, பத்து மாதத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றில் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்து, எழுதப் படிக்கத் தெரிந்து திரும்புகிறார்கள். அப்படித் தமிழ் படிக்க வந்த வடநாட்டு ஆசிரியர் ஒருவர் விழாவுக்கு வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் இருந்ததை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, "பொங்-கல்... நல்-வாழ்த்-து-கள்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பக்கத்தில் என் மகன், கையில் சர்க்கரைப் பொங்கலோடு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அங்கே இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் என் புலம்பலைக் கொட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, பையனுக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமில்லையா? அப்புறம் ஏன் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி அ-விலிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?"

அன்றிரவு அவர் சொன்னபடி ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். இத்தனை வருடம் மைசூரில் இருந்தும் இது என் மண்டையில் உறைத்ததில்லை. தமிழின் 12 உயிரும் கன்னடத்தில் அதே வரிசையில் இருக்கின்றன. எ-ஏ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு இந்தி எழுத்தில் கிடையாது, கன்னடத்தில் உண்டு. மெய்யெழுத்திலும் அப்படித்தான். கன்னடத்தில் வர்க்கத்துக்கு ஐந்து எழுத்து. நாம் முதலையும் கடைசியையும் வைத்துக்கொண்டு நடுவில் மூன்றை விட்டுவிட்டோம். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம. பிறகு ய, ர, ல, வ, ள அங்கேயும் உண்டு. ஆக 18 மெய்யில் 15-ஐ என் மகன் ஏற்கெனவே அறிந்தவன். அவனுக்குப் புதிது ழ, ற, ன மூன்றுதான். எழுத்தின் உருவம்தான் வேறு.

மறு ஏப்ரலில் நோட்டு வாங்கவில்லை. ஓர் அட்டையில் கன்னட எழுத்தை எழுதி அதன் கீழே தமிழ் எழுத்தை எழுதி, சாப்பிடும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். பத்து நாளில் அவன் எழுத்துகளைப் பிடித்துவிட்டான். கன்னடத்தில் இரட்டித்து வரும் எழுத்துக்குக் கீழே 'ஒத்து' என்று ஒன்று தொங்கும். இங்கே அது இல்லை, தலையில் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதினால் போதும் என்றதும், "தமிழ் ஈஸிப்பா" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் வேறு சங்கடம். "அப்பா, இது எந்தக் க?" என்பான். 'காகம்' என்பதில் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் ஒன்று போலவே இருக்கிறதே, எப்படி ஒன்றை அழுத்தியும் ஒன்றை மெல்லவும் சொல்வது? 'தம்பி' என்பதை வல்லின 'ப' போட்டுப் படித்துவிட்டு அவனே சிரிப்பான். நான் இலக்கணம் சொல்லப் பார்த்தேன்: முதலில் வந்தால் வலிது, இரட்டித்தால் வலிது, மெல்லினத்துக்குப் பின்னால் மெலியும், என்று. என் மனைவிதான் குறுக்கே புகுந்து, "நீ வீட்டில் எப்படிடா சொல்லுவே? அப்படியே படி" என்றாள். அதோடு தீர்ந்தது. வாய்க்குத் தெரிந்த மொழி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே. கெ, கே, கை என்று கொம்பு முன்னால் வருவதும், கொ, கோ என்று இரண்டு பக்கமும் வருவதும் மட்டும் அவனை மாதக்கணக்கில் இடறின.

பிறகு ஒரு விளையாட்டுத் தானாகவே வந்து சேர்ந்தது. பால் இங்கே ஹாலு. பல் ஹல்லு. பூ ஹூவு. புலி ஹுலி. பாம்பு ஹாவு. பன்றி ஹந்தி. பத்து ஹத்து. பெயர் ஹெசரு. நாம் 'ப' என்கிற இடத்தில் இவர்கள் 'ஹ' என்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அவனும் தங்கையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அஜ்ஜி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல் எடுத்துக் கொடுப்பார். அடுத்து 'ழ' மாட்டியது. ஏழு-ஏளு, மழை-மளெ, கோழி-கோளி. 'புழு' ஹுளு ஆனபோது இரண்டும் ஒரே சொல்லில் கிடைத்துவிட்டதென்று குதித்தார்கள். பழங்கன்னடத்தில் 'ப'வும் இருந்தது, 'ழ' ஒலிக்குத் தனி எழுத்தும் இருந்தது, 'ற'வுக்கும் எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்தன. பழங்கன்னடத்தை இங்கே 'ஹளெகன்னட' என்பார்கள். அந்த 'ஹளெ'யே நம் 'பழ' தானே! இதை அஜ்ஜியிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பேரனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினார். தமிழ் சொல்லிக் கொடுத்தால் பிள்ளையின் கன்னடம் கெட்டுவிடுமோ என்று பயப்படும் பெற்றோருக்கு என் அனுபவம் இது: அந்த விடுமுறைக்குப் பிறகுதான் அவன் கன்னட மதிப்பெண்ணும் ஏறியது.

படிக்க என்ன கொடுப்பது என்பதில் நான் இன்னொரு தடவை சறுக்கினேன். எனக்குப் பிடித்ததையே அவனுக்கும் கொடுக்கப் பார்த்தேன். நாங்கள் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்கள். 1947-இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை. பிறகு கன்னடத்தில் சந்தமாமாவாகவும் வந்தது. இன்று அது வருவதில்லை. கோகுலமும் அச்சில் வருவது நின்றுவிட்டது. பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து வந்தேன். அவனுக்கு எழுத்து பொடியாக இருந்தது, வாக்கியம் நீளமாக இருந்தது. இரண்டு பக்கத்தில் கொட்டாவி.

முதலில் பிடித்துப்போனது எது தெரியுமா? சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டர். தாளைக் கிழிக்கும் உரிமையை அவனுக்குக் கொடுத்து, கிழித்த தாளை உரக்கப் படிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். ராசிபலன் ஒவ்வொன்றும் ஒரே சொல்: லாபம், பகை, நட்பு, சிரமம். "அப்பா, இன்னிக்கு உங்களுக்கு அலைச்சல். அம்மாவுக்கு வெற்றி!" என்று காலையில் ஊர்முழுக்கக் கேட்கும். எனக்கு ராசிபலனில் நம்பிக்கை இல்லை. ஆனால் பன்னிரண்டு சொல்லைத் தினம் ஆசையோடு படிக்க வைக்கும் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு மளிகைச் சீட்டு. என் மனைவி சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். ஒருநாள் 'உளுந்து' என்பதை 'உழுந்து' என்று எழுதினான். கடைக்காரர் தமிழர், திருத்திக் கொடுத்தனுப்பினார்.

புத்தகத்துக்கு வழி காட்டியவரும் அந்த ஆசிரியர்தான். ஒரே கதையை இரண்டு மொழியிலும் வாங்குங்கள் என்றார். நேஷனல் புக் டிரஸ்ட் பிள்ளைகளுக்கு வெளியிடும் படக்கதைகள் பல மொழிகளிலும் வருகின்றன. பெங்களூரில் 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனமும் அப்படியே. 2015 முதல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். படம் ஒன்றே, கதை ஒன்றே; ஒன்று கன்னடத்தில், ஒன்று தமிழில். கன்னடத்தில் படித்துவிட்டுத் தமிழுக்கு வரும்போது கதை முன்னமே தெரியும். எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி இருக்கும் புத்தகங்களைப் பத்து வயதுப் பையனுக்குக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கைக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். பிறகு அவன் வெட்கமும் போயிற்று, என் வெட்கமும் போயிற்று.

எங்கள் பகுதியில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தகர டிரங்குப் பெட்டியில் தமிழ்ப் புத்தகங்களைப் போட்டு, வீட்டுக்கு ஒரு வாரம் என்று சுற்றுக்கு விட்டிருக்கிறோம். இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் எங்கள் சீர்காழியில் 1892-இல் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று உண்டு, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதை நூலக விதியாகவே எழுதி வைத்த மனிதர். எங்கள் பெட்டியில் மாடு இல்லை, ஸ்கூட்டர்தான். ஒரு வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டது; இரண்டு புத்தகத்தில் எண்ணெய்க் கறை. பதிவேட்டைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அதிகம் சுற்றியவை விடுகதைப் புத்தகமும், ஒரு சமையல் புத்தகமும். நீதிக் கதைகளை யாரும் தொடவில்லை.

இதற்காக மற்ற வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி.வி. காரந்த் தலைமையில் 1989-இல் தொடங்கிய ரங்காயண நாடக நிறுவனம் பிள்ளைகளுக்கு நடத்தும் கோடை முகாமான 'சின்னர மேளா'வுக்கு இடம் கிடைத்தால் அனுப்பிவிடுங்கள். கன்னடம்தான், இருந்தாலென்ன? மண்ணில் புரண்டு, முகமூடி செய்து, நாடகம் போட்டுவிட்டு வரட்டும். தமிழுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம் போதும். அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

பேராசை வரும்போதெல்லாம் நான் யாதவகிரிப் பக்கம் நடந்து போவதுண்டு. ஆர்.கே. நாராயண் கட்டிக் குடியிருந்த வீடு அங்கே 2016 முதல் நினைவகமாக இருக்கிறது. 1906-இல் சென்னையில் பிறந்து, பாட்டியிடம் வாய்ப்பாடும் புராணமும் கேட்டு வளர்ந்து, தந்தையார் மகாராஜா காலேஜியேட் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனதால் மைசூர் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தோற்றார். வீட்டில் இருந்த அந்த ஓராண்டில் கிடைத்ததையெல்லாம் படித்தார், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உட்கார்ந்தும் படித்தார். யாரும் பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. பிற்காலத்தில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானபோது, 1989-இல் அவர் எடுத்துப் பேசிய விஷயம் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைச் சுமை. அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தைத் தொடர்ந்து யஷ்பால் குழு அமைந்து, 1993-இல் 'சுமையில்லாக் கல்வி' என்று அறிக்கை கொடுத்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் 247 பக்கம் எழுதச் சொன்னேன்!

அச்செழுத்துப் பழகிய பிறகும் ஒரு தடை இருந்தது. அப்பாயியின் கையெழுத்து. புள்ளியில்லாத எழுத்தைப் புத்தகத்தில் படித்த பிள்ளை எப்படிப் படிக்கும்? எந்த இடத்தில் 'க', எந்த இடத்தில் 'க்' என்று அவனே ஊகிக்க வேண்டும். மூன்றாம் கோடையில் என் பெட்டியில் இருந்த பழைய கடிதக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். மாடு கன்று போட்டது, அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது, புயலில் தென்னை விழுந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. நான் ஊருக்கு வராததற்கு வாங்கிய திட்டும் இருந்தது. பென்சிலால் புள்ளி வைத்து வைத்துப் படித்தான். திட்டு இருந்த இடங்களை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

பதில் எழுதுவதும் அவன் பொறுப்பு ஆயிற்று. முதல் கடிதம் நான்கு வரி; அதில் 'ற' எல்லாம் 'ர'. என் தாயார் ஊரில் அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினாராம். கடிதத்தைத் திருத்தி அனுப்பலாம் என்று எடுத்த என் பேனாவை மனைவி பிடுங்கி வைத்ததும் நல்லதாயிற்று.

போன மே மாதம் மறுபடி அவன் பெயருக்கு ஓர் உறை வந்தது. கனமாக இருந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். அவன் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைப்புறம் போனான். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவனாகவே சிரித்தான். உள்ளே வந்ததும், "அப்பாயி என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றான். கடிதம் சட்டைப் பையில் இருந்தது.